பதினாலாம் கேள்வி

அம்பகாமம் வீதியில் தார் முடிந்து
கிரவல் தொடங்குகிற இடத்திலிருந்து மூன்றாவது படலை.
புனிதமலர் குட்டிகளுக்குக் குழை வெட்டிக்கொண்டிருந்தா.
நான் ரப்லெட்டின் தூசியைத் துடைத்து
பதினாலாம் கேள்வியைக் கேட்டேன்:
ஆடுகள் எத்தனை?

"கனக்க."

அந்தக் கட்டம் எழுத்தை ஏற்காது.
'க' என்று தட்டினாலே சிவந்துபோய்
இலக்கம் மட்டும் என்னும்.
திரும்பக் கேட்டேன்.
அவ நிமிரவில்லை. எனக்குக் காது மந்தமாக்கும் என்று
சத்தத்தை மட்டும் கூட்டினா:
"கனக்க, பிள்ளை."

மேற்பார்வையாளருக்கு அழைத்தேன்.
மதியழகன் ஹற்றன் பக்கம்,
வன்னிக்கு வந்து நாலு மாதம்.
"கனக்கன்னா எத்தனை?
பத்துக்கு மேலயா, அம்பதுக்கு மேலயா?"

விளங்கப்படுத்த வெளிக்கிட்டேன்.
தேத்தண்ணி கனக்க எண்டால்
கோப்பையில பாதிக்கு ஒரு விரல் மேல.
பஸ்சில கனக்கச் சனம் எண்டால்
இன்னும் ஆறு பேர் ஏறலாம்.
கனக்கக் கதையாதை எண்டால்
கதைச்சது ஒரேயொரு வசனமாத்தான் இருக்கும்,
கதைச்சிருக்கக் கூடாத வசனம்.
கனகாலம் எண்டால்
(அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன்)
காசு கனக்க இல்லை எண்டு ஒருத்தர் சொன்னால்
கைமாத்துக் கேக்கப் போறார்,
இல்லாட்டி நீ கேக்காதை எண்டுறார்.
அது முகத்தைப் பாத்தால்தான் தெரியும்.

"மொகத்துக்குக் கட்டம் இல்லைங்க.
ஒரு நம்பரப் போட்டு அனுப்புங்க."

ஆடுகள் மேயப் போயிருந்தன.
வந்தால் நானே எண்ணுகிறேன் என்று
கவிழ்த்துப் போட்ட உரலில் இருந்தேன்.
புனிதமலர் தேத்தண்ணி கொண்டுவந்தா.
"சீனி?"
"கனக்க வேண்டாம்."
ஒன்றரைக் கரண்டி.
நான் வீட்டில் போடுகிற அதே ஒன்றரை.

கிணறு, மலசலகூடம், மா மரம், கடன்,
யானை உடைத்த வேலி எத்தனை மீற்றர்,
மற்றக் கேள்விகள் எல்லாம் முடிந்தன.
ஐந்தே முக்காலுக்கு
வீரைப் பற்றைக்குள்ளால் மணிச் சத்தம்.
முதலில் ஒரு கொம்பு முறிந்த கிடாய்,
பிறகு எல்லாம் ஒரேயடியாக.

எண்ணினேன். பதினேழு, பதினெட்டு,
ஒன்றின் மேல் ஒன்று தாவ, திரும்ப ஒன்றிலிருந்து.
கறுப்பு ஆடுகள் எல்லாம் மைமலோடு சேர்ந்துகொண்டன.
இரண்டாம் தரம் முப்பத்தொன்று.
மூன்றாம் தரம் இருபத்தொன்பது,
அதற்குள் பக்கத்து வீட்டு நாயும் இருந்திருக்கலாம்.

புனிதமலர் பட்டித் தடியைப் பிடித்தபடி
ஒருக்காப் பார்த்தா.
விரல் நீட்டவில்லை, உதடு அசையவில்லை.
"ஒண்டு குறையுது."

"எப்பிடி அக்கா?
எத்தனை எண்டு தெரியாதெண்டு..."

"தெரியாதெண்டு ஆர் சொன்னது?
கனக்க எண்டெல்லோ சொன்னனான்."

சுட்டியாம். நிறைமாதமாம்.
எங்கேயோ பாலை மரத்தடியில் படுத்துவிட்டதாக்கும்,
கனதூரம் போகாது என்றா.
கூரைக்குள் செருகியிருந்த ரோச் லைற்றை
உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி எரியவைத்து,
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனா.

பட்டிக்குள் நின்றதெல்லாம்
என்னைப் பார்க்கவில்லை,
அவ போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.
ஒன்று மட்டும் கத்தியது, பிறகு அதுவும் இல்லை.
மடியில் ரப்லெட். கட்டத்துக்குள் ஒரு கோடு
விட்டு விட்டு மின்னியது.
முப்பது என்று போடலாம்.
இந்த நேரத்துக்குள் ஈன்றிருந்தால்
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
நரி முந்தியிருந்தால்?
இலக்கம் மட்டும்.

பற்றைக்குள்ளிருந்து குரல் வந்தது,
முதலில் ஆட்டுக்கு, பிறகு எனக்கு:
"பிள்ளை, நீங்கள் வெளிக்கிடுங்கோ,
கனக்க இருட்ட முதல்."

நான் படலைக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.
ரோச் வெளிச்சம் ஒரு மரத்தடியில் தெரிந்தது,
அடுத்த மரத்தடியில் தெரியவில்லை,
அதற்கும் அடுத்ததில் தெரிந்தது.